விலையில்லா மடிக்கணினியும் எஸ்.எஸ்.டி.யும்: ஒரு சேமிப்பகத்தின் வரலாறு

முன்னுரை

பழைய மடிக்கணினியில் உள்ள வன்தட்டை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை இயக்கியைப் பொருத்துவது இன்று எல்லா ஊர்களிலும் நடைபெறும் வேலை. சில திருகாணிகளைக் கழற்றத் தெரிந்தால் போதும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் இந்தச் சிறு வேலைக்குப் பின்னால் ஏறத்தாழ எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. சுழலும் தட்டில் எழுதிய காலம், சில்லுக்குள் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்திய காலம், ஓர் அரசு தன் மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வழங்கிய காலம் ஆகிய மூன்றும் அதில் சந்திக்கின்றன.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று. அரசுப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்த பல லட்சம் பேரின் வீடுகளில் விலையில்லா மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அவற்றுள் பல, 'ரொம்ப ஸ்லோ' என்ற ஒரே காரணத்தால் பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விட்டன. அவை உண்மையிலேயே பழுதானவையா, அல்லது ஒரே ஓர் உறுப்பு மட்டும் காலத்தால் பின்தங்கிவிட்டதா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

மலையூருக்கு வந்த மடிக்கணினி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, பேரறிஞர் அண்ணாவின் பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் தொடங்கி வைக்கப்பட்டது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பில் பயிலும் மாணவர்களுக்கும், அரசு மற்றும் உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 68 லட்சம் மடிக்கணினிகள் வழங்குவது அன்றைய இலக்கு. கொள்முதல் பொறுப்பை எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் ஏற்றது. ஏசர், எச்.சி.எல்., லெனோவா முதலிய நிறுவனங்கள் கணினிகளை வழங்கின. 2019-20 வரையிலான ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைகளுக்குச் சென்றன.

இத்திட்டம் விவாதத்திற்கும் உள்ளானது. தேர்தல் அறிக்கையில் இலவசங்களை வாக்குறுதியாக அளிப்பது முறையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு எனப்படும் அதில், 2006-ஆம் ஆண்டின் வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதியும் 2011-ஆம் ஆண்டின் மடிக்கணினி வாக்குறுதியும் சேர்த்தே பேசப்பட்டன. 2013 ஜூலை 5 அன்று வந்த தீர்ப்பு, அத்தகைய வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. அதே வேளையில், தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைப் பணித்தது.

விவாதம் எப்படி இருந்தாலும், கணினி வந்து சேர்ந்த இடங்களைப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். நீலகிரி மாவட்டத்தின் குந்தா வட்டத்துக்குத் தலைமையிடம் மஞ்சூர். மஞ்சு என்றால் மேகம், பனிமூட்டம். பெயருக்கேற்ற ஊர். சிறு தேயிலை விவசாயிகள், பச்சைத்தேயிலை பறிக்கும் தொழிலாளர்கள், குந்தா நீர்மின் திட்டத்தின் பணியாளர்கள் ஆகியோரின் பிள்ளைகள் இப்பகுதிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு உருவான அந்த மின்திட்டம் சமவெளிக்கு வெளிச்சம் கொடுத்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் குடும்பங்கள் பலவும் நீலகிரியின் தோட்டங்களில் குடியேறின. இக்குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினி பிள்ளையின் பெயரில் வந்த அரசு மடிக்கணினிதான். பேச்சு வழக்கில் அதற்கு 'அரசு லேப்டாப்' என்றும் 'அம்மா லேப்டாப்' என்றும் பெயர்.

தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினியின் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒரே வகையானது. 14 அங்குலத் திரை, இரட்டைக் கருச் செயலி, 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு. விண்டோஸ் ஓர் இயங்குதளமாகவும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மற்றோர் இயங்குதளமாகவும் இருந்தன. பின்னர் வந்த மாதிரிகளில் நினைவகம் 4 ஜிபியாகவும் வன்தட்டு 500 ஜிபியாகவும் உயர்ந்தன. இவற்றில் நாம் கவனிக்க வேண்டியது அந்த வன்தட்டை.

சுழலும் தட்டின் கதை

வன்தட்டின் தந்தை எனப்படும் ரெனால்ட் ஜான்சன் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்த அவர், மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும் கருவி ஒன்றை உருவாக்கினார். பென்சில் கோட்டின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டு சரியான விடையைக் கண்டறியும் கருவி அது. அதைக் கண்ட ஐ.பி.எம். நிறுவனம் 1934-இல் அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டது. 1952-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் புதிய ஆய்வகம் ஒன்றைத் தொடங்க அவரை அனுப்பியது.

அந்த ஆய்வகத்தில் உருவானதே 1956 செப்டம்பரில் அறிமுகமான ரேமாக் கணினியின் தட்டுச் சேமிப்பகம். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. அதில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்க முடிந்தது. எடை ஒரு டன்னுக்கும் மேல். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தையே அதில் அடக்குவது கடினம். ஆயினும் அக்காலத்தில் அது பெரும் பாய்ச்சல். அதுவரை துளையட்டைக் கட்டையோ காந்த நாடாவையோ தொடக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே வர வேண்டியிருந்தது. தட்டு வந்தபின் வேண்டிய இடத்துக்கு நேரே போக முடிந்தது.

அதன்பின் தட்டு சிறுத்துக்கொண்டே வந்தது. 1980-இல் சீகேட் நிறுவனத்தின் தொடக்கக்கால நிறுவனமான ஷுகார்ட் டெக்னாலஜி 5.25 அங்குல அளவில் 5 எம்பி வன்தட்டைத் தந்தது. 1988-இல் பிரெய்ரிடெக் என்ற நிறுவனம் 2.5 அங்குல வன்தட்டை வெளியிட்டது. அந்த 2.5 அங்குல அளவுதான் மடிக்கணினியின் அளவாக நிலைத்தது. மஞ்சூர் மாணவரின் கணினியில் இருப்பதும் அதே அளவு.

மூடிய பெட்டிக்குள் நடப்பது வியப்பானது. கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. அதன்மேல் படிக்கும் முனை, காற்றுப்படலத்தின் மீது தட்டைத் தொடாமல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. காற்று இல்லாவிட்டால் முனை மிதக்காது. அதனால் பெட்டியில் வடிகட்டியுடன் கூடிய சிறு துளை ஒன்று உண்டு. மலையில் காற்று மெலிந்திருக்குமே, வன்தட்டு வேலை செய்யுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கும்படியே பெரும்பாலான வன்தட்டுகள் வடிவமைக்கப்படுகின்றன. உதகமண்டலமே சுமார் 2,240 மீட்டர்தான். எனவே உயரம் ஒரு தடையில்லை. இயங்கும்போது விழும் தட்டலும் அதிர்வும்தான் அதற்கு எதிரி. கணினியை அணைக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் போவது வன்தட்டுக்கு நல்லதல்ல.

ஏன் மெதுவாகிறது: ஒரு எளிய கணக்கு

நிமிடத்திற்கு 5,400 சுற்று என்றால் நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி. நாம் தேடும் தகவல் முனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 12 மில்லிநொடி. ஆக, ஓர் இடத்திலுள்ள தகவலைத் தொட மொத்தம் 17.5 மில்லிநொடி ஆகிறது.

கேட்பதற்கு இது மிகச் சிறிய நேரம். ஆனால் கணினியைத் தொடங்கும்போது இயங்குதளம் ஒரே கோப்பைப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை, தட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து படிக்கிறது. அப்படி 6,000 இடங்களைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 6,000 × 17.5 மில்லிநொடி = 105 நொடி. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். இதே வேலையை, ஓர் இடத்தைத் தொட 0.1 மில்லிநொடி மட்டுமே எடுக்கும் எஸ்.எஸ்.டி.யிடம் கொடுத்தால் 0.6 நொடி. உண்மையில் கணினி பல உத்திகளைக் கையாளும். செயலியின் நேரமும் சேரும். ஆகவே நடைமுறையில் வேறுபாடு இவ்வளவு பெரிதாகத் தெரியாது. எனினும் தாமதம் எங்கே பிறக்கிறது என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

ஒரு நூலகத்தை எண்ணிக்கொள்ளலாம். கேட்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் உதவியாளர் எழுந்து நடந்து அலமாரியைத் தேடி எடுத்து வருகிறார். அவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும் நடைக்கு நேரம் ஆகத்தான் செய்யும். அதுதான் வன்தட்டு. எல்லாப் புத்தகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நடையே தேவையில்லை. அதுதான் எஸ்.எஸ்.டி.

வரலாற்று நோக்கில் ஓர் ஒப்பீடு இங்கே பொருந்தும். 1956-இன் ரேமாக் ஒரு தகவலைத் தொட ஏறத்தாழ 600 மில்லிநொடி எடுத்தது. 2011-இன் மடிக்கணினி வன்தட்டு 17.5 மில்லிநொடி. அதாவது 55 ஆண்டுகளில் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகளிலிருந்து 32,000 கோடி எழுத்துகளுக்கு, 64,000 மடங்கு பெருகியது. ஆனால் தொடும் வேகமோ ஏறத்தாழ 34 மடங்குதான் கூடியது. பொருள் ஒன்று உடலோடு நகர வேண்டியிருக்கும் வரை அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. செயலியும் நினைவகமும் அந்த எல்லையைத் தாண்டி ஓடிவிட்டன. தட்டு மட்டும் பின்தங்கியது.

சுழலாத நினைவகம்

நகரும் பகுதியே இல்லாத சேமிப்பகம் வேண்டும் என்ற எண்ணம் பழையது. 1978-இல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் நினைவகச் சில்லுகளைக் கொண்டே 45 எம்பி சேமிப்பகம் ஒன்றை விற்றது. விலை 4 லட்சம் டாலர். பெரும் கணினிக் கூடங்கள் மட்டுமே அதை வாங்க முடிந்தது. மேலும் மின்சாரம் நின்றால் அத்தகைய சில்லில் உள்ளது அழிந்துவிடும்.

மின்சாரம் நின்றாலும் மறக்காத சில்லுக்கான அடிப்படையை 1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் சே என்ற இருவர் கண்டறிந்தனர். நான்கு பக்கமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய தீவு ஒன்றில் மின்னேற்றத்தை அடைத்துவிட்டால், அது வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும். மின்னேற்றம் இருக்கிறதா, இல்லையா என்பதே 0, 1 என்ற இரு குறிகளுக்குப் போதுமானது. மிதவைவாயில் என்று இதைக் குறிப்பர்.

இந்த அடிப்படையை மலிவான சேமிப்பகமாக மாற்றியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோக்கா. அவர் 1984-இல் ஃபிளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். 1987-இல் நேண்ட் வகை ஃபிளாஷை முன்வைத்தார். ஒரு தொகுதி முழுவதையும் ஒரே நொடியில் அழிக்கும் அதன் தன்மை கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சத்தை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஷோஜி அரிஸுமி அப்பெயரைச் சொன்னார். உலகமே பயன்படுத்தும் கண்டுபிடிப்பைத் தந்த மசுவோக்கா, உரிய பங்கு கேட்டுப் பின்னாளில் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. 2006-இல் 8 கோடியே 70 லட்சம் யென் தொகைக்கு அவ்வழக்கு சமரசமானது.

ஃபிளாஷைத் தட்டின் இடத்தில் உட்கார வைத்த முயற்சியில் ஓர் இந்தியரின் பங்கும் உண்டு. கான்பூரில் பிறந்து, பிலானியில் படிப்பைத் தொடங்கி, கலிபோர்னியாவில் முடித்த சஞ்சய் மெஹ்ரோத்ரா, 1988-இல் எலி ஹராரி, ஜாக் யுவான் ஆகியோருடன் இணைந்து சன்டிஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் சான்டிஸ்க் என்று பெயர் மாறிய நிறுவனம் அது. 1991-இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்காக 20 எம்பி கொள்ளளவுள்ள 2.5 அங்குல ஃபிளாஷ் சேமிப்பகத்தை அது தயாரித்தது. விலை ஏறத்தாழ 1,000 டாலர். வன்தட்டின் அதே அளவில், அதே இடத்தில் பொருந்தும்படி செய்தது முக்கியமான முடிவு. அந்த மரபு தொடர்ந்ததால்தான் இன்றும் பழைய கணினியில் தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி.யை மாட்ட முடிகிறது.

ஊட்டியின் பிலிமும் ஃபிளாஷும்

ஃபிளாஷ் நினைவகத்தின் வளர்ச்சி நீலகிரிக்குத் தந்த மற்றொரு முகமும் உண்டு. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உதகையில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் அது தயாரித்த கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் நாடெங்கும் சென்றன. தூசில்லாத, குளிர்ந்த மலைக்காற்று பிலிம் தயாரிப்புக்கு உகந்தது. நீலகிரியின் பல குடும்பங்களுக்கு அது சோறு போட்டது.

வண்ணப் பிலிம் பரவியது, இறக்குமதி தாராளமானது, கடன் சுமை கூடியது எனப் பல காரணங்களால் 1990-களிலேயே அந்நிறுவனம் நலிவடைந்திருந்தது. எழ முயன்ற காலத்தில் டிஜிட்டல் கேமரா வந்தது. படத்தைப் பிலிமில் அல்லாமல் ஃபிளாஷ் அட்டையில் சேமிக்கும் கருவி அது. அதன்பின் பிலிமுக்கு மீட்சி இல்லை. ஆக, ஒரே கண்டுபிடிப்பு மலையில் ஒரு தொழிலை மூடுவதற்குத் துணைபோனது. அதே கண்டுபிடிப்பு அதே மலையின் மாணவருக்குப் பழைய கணினியை மீட்டுத் தருகிறது. தொழில்நுட்பத்தை நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் முத்திரை குத்த முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எட்டாத விலை எட்டிய காலம்

2006-இல் சாம்சங் நிறுவனம் 32 ஜிபி எஸ்.எஸ்.டி. பொருத்திய மடிக்கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2008-இல் இன்டெல் வெளியிட்ட 80 ஜிபி எஸ்.எஸ்.டி.யின் மொத்த விலை 595 டாலர். ஒரு முழு மடிக்கணினியின் விலைக்குச் சமம். 2011-இல் லட்சக்கணக்கில் கணினி வாங்கிய அரசு வன்தட்டையே தேர்ந்ததில் வியப்பில்லை. அன்றைய நிலையில் அதுவே இயலும் வழி.

அதே 2011-இன் இறுதியில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. உலகின் வன்தட்டுத் தொழிற்சாலைகளில் கணிசமானவை அங்கே இருந்தன. அவை நீரில் மூழ்கியதால் உலகெங்கும் வன்தட்டு விலை ஏறியது. ஒரு பொருளை ஒரே வட்டாரத்தில் குவித்து உற்பத்தி செய்வதன் ஆபத்தை அவ்வெள்ளம் உணர்த்தியது.

2013-இல் சாம்சங் நிறுவனம் நினைவணுக்களை அடுக்குமாடிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக 24 அடுக்கில் அமைத்தது. அதுவரை பரப்பில் நெருக்கிய அணுக்கள் இனி உயரத்தில் வளர்ந்தன. ஒரே சில்லில் கொள்ளளவு பெருகியது, விலை இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 120 ஜிபி, 240 ஜிபி எஸ்.எஸ்.டி.கள் சாதாரணக் குடும்பமும் வாங்கும் பொருளாயின. சந்தையில் விலை ஏறி இறங்கினாலும், புதிய மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு சிறு பங்குதான்.

மாற்றும் முறை

அரசு மடிக்கணினியில் எஸ்.எஸ்.டி. பொருத்த விரும்புவோர் அறிய வேண்டியவற்றை வரிசைப்படி காண்போம்.

1. முதலில் காப்புநகல். வன்தட்டில் உள்ள சான்றிதழ்கள், படங்கள், செய்முறைக் கோப்புகள் அனைத்தையும் வேறோர் இடத்தில் நகலெடுக்க வேண்டும். தமிழ்க் கோப்புகளில் தனிக் கவனம் தேவை. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றபோதிலும், பள்ளிகளில் வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. அத்தகைய கோப்பை மட்டும் நகலெடுத்து எழுத்துருவை விட்டுவிட்டால், புதிய இயங்குதளத்தில் வினாத்தாள் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

2. பொருத்தம் அறிதல். இவ்வகைக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது 2.5 அங்குல, சாட்டா இணைப்புள்ள வன்தட்டு. அதே வகை எஸ்.எஸ்.டி. வாங்க வேண்டும். பபிள்கம் பட்டைபோல் மெல்லியதாக இருக்கும் எம்.2 வகை பழைய கணினியில் பொருந்தாது. மிக வேகமான, விலை கூடிய எஸ்.எஸ்.டி.யும் தேவையில்லை. பழைய கணினியின் இணைப்பு அந்த வேகத்தைக் கடத்தாது.

3. கழற்றுதல். கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரை நீக்கி, பேட்டரியைக் கழற்ற வேண்டும். கையில் உள்ள நிலைமின்சாரம் போக உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டுக்கொள்வது நல்லது. அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றினால் வன்தட்டு தெரியும். அதைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினால் இணைப்பிலிருந்து விடுபடும். மேல்நோக்கி இழுத்தால் இணைப்பு முறிந்துவிடும்.

4. பொருத்துதல். வன்தட்டைப் பிடித்திருக்கும் உலோகச் சட்டத்தைக் கழற்றி எஸ்.எஸ்.டி.யில் மாட்டி, அதே இடத்தில் வைக்க வேண்டும்.

5. இயங்குதளம் நிறுவுதல். பென் டிரைவில் இயங்குதளத்தை ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். நீண்ட நாள் அலமாரியில் கிடந்த கணினியாக இருந்தால் உள்ளே இருக்கும் சிறு பட்டன் செல் தீர்ந்து, தேதி பல ஆண்டு பின்னால் இருக்கும். தேதி தவறினால் இணையதளங்கள் திறக்க மறுக்கும். முதலில் அதைத் திருத்த வேண்டும்.

6. பழைய வன்தட்டு. அது நல்ல நிலையில் இருந்தால் யூ.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டு, காப்புநகல் வைக்கும் வெளித்தட்டாகப் பயன்படுத்தலாம்.

எந்த இயங்குதளம் என்பது அடுத்த கேள்வி. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு பொதுவாக 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 11 இப்பழைய கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. எனவே லினக்ஸ் வகைகளே தகுந்த வழி. நினைவகம் 2 ஜிபி மட்டும் இருந்தால் லுபுண்டு போன்ற எடை குறைந்த ஒன்றையும், 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றையும் நிறுவலாம். இரண்டும் கட்டணமில்லாதவை, தமிழில் தட்டச்சு செய்ய ஏற்றவை. இயலுமானால் நினைவகத்தையும் 4 ஜிபியாக உயர்த்துவது நல்லது. இன்றைய இணைய உலாவிக்கு 2 ஜிபி போதாது.

எஸ்.எஸ்.டி. செய்யாதவை

எஸ்.எஸ்.டி. எல்லா நோய்க்கும் மருந்தல்ல. செயலியின் வேகத்தை அது கூட்டாது. செத்துப்போன பேட்டரியை உயிர்ப்பிக்காது. இணைய வேகத்தைப் பெருக்காது. மலையூர்களில் இணையம் கிடைக்காத மேட்டிலும் பள்ளத்திலும் அது உதவப்போவதில்லை.

மழைக்காலமும் மற்றொரு சோதனை. குந்தா மலைப்பகுதி தென்மேற்குப் பருவமழையின் நேர்வழியில் உள்ளது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் மின்சாரம் திடீரென நிற்கும். பேட்டரி இல்லாமல் நேரடி மின்சாரத்தில் ஓடும் பழைய கணினி அந்தக் கணமே அணையும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையலாம். இதில் வன்தட்டுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஈரக்காற்றால் இணைப்புகளில் ஏற்படும் அரிப்பும் இரண்டுக்கும் பொதுவே.

எஸ்.எஸ்.டி.க்கென்று சில குணங்களும் உண்டு. ஒவ்வொரு நினைவணுவும் குறிப்பிட்ட முறைதான் அழித்து எழுத இடம் தரும். அன்றாடப் பயன்பாட்டில் அது பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்தால் அடைபட்ட மின்னேற்றம் மெல்லக் கசியக்கூடும். மேலும் வன்தட்டு பழுதாகும் முன் பெரும்பாலும் 'டக் டக்' என்று ஓசை எழுப்பி எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. சத்தமின்றி ஒரே நாளில் நின்றுவிடலாம். நின்றபின் தகவலை மீட்பதும் கடினம். ஆகவே எஸ்.எஸ்.டி. பொருத்தியவர் காப்புநகல் எடுக்கும் பழக்கத்தை முன்னைவிட உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

அரசின் பட்டியலில் வந்த மாற்றம்

2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்கான மடிக்கணினியின் விவரக்குறிப்பில் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் இடம்பெற்றன. 2011-இன் கணினியில் 320 ஜிபி, புதியதில் 256 ஜிபி. பதினான்கு ஆண்டு கழித்துக் கொள்ளளவு குறைந்திருக்கிறது. ஆயினும் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எவ்வளவு சேமிக்கலாம் என்பதைவிட எவ்வளவு விரைவில் எடுக்கலாம் என்பதே பெரிது என்று காலம் மாறியிருப்பதை இந்த இரு எண்கள் காட்டுகின்றன.

அப்படியானால் அரசே இன்று தேர்ந்தெடுக்கும் சேமிப்பகத்தை, அரசு முன்பு கொடுத்த கணினியிலும் பொருத்திக்கொள்ள முடியும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

ஒரு கணினி மெதுவாகிவிட்டது என்று சொல்லும்போது நாம் முழுக் கருவியையும் குறை கூறுகிறோம். திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, கட்டுரை எழுதவும் பாடம் படிக்கவும் போதிய செயலி இருக்கிறது. பின்தங்கியது 1956-இல் தொடங்கிய சுழலும் தட்டு மட்டுமே. அதை மாற்றிவிட்டால், அண்ணனுக்கு வந்த கணினியில் தம்பியும், அக்காவுக்கு வந்த கணினியில் தங்கையும் இன்னும் சில ஆண்டுகள் படிக்கலாம். பழுதுபார்க்க ஊட்டிக்கோ குன்னூருக்கோ பேருந்தேற வேண்டிய ஊர்களில், புதுக் கணினி வாங்க வழியில்லாத வீடுகளில், அந்தச் சில ஆண்டுகள் ஒரு பட்டப்படிப்பின் காலம்.

தூக்கி எறியும் கணினி எங்கோ மறைந்துவிடுவதில்லை. அதிலுள்ள ஈயமும் பிற உலோகங்களும் மண்ணையும் நீரையும் சேரும். மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளன. பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக இந்தியாவிலேயே முன்னோடியாகக் குரல் கொடுத்த மாவட்டங்களுள் ஒன்று நீலகிரி. பவானிக்கு நீர் தரும் ஓடைகள் பிறக்கும் இம்மலையில் கழிவைக் குறைப்பதற்கான முதல் வழி, இருக்கும் பொருளை இயன்றவரை பயன்படுத்துவதே.

வீட்டில் பழைய அரசு மடிக்கணினி இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். முதலில் கோப்புகளை நகலெடுங்கள். பிறகு தட்டை மாற்றுங்கள்.